ஏழாம் நாள் அளவு

“என் மேல தப்பில்லைன்னு ஒரு லெட்டர் கொடுங்க, டாக்டர். அது போதும்.”

சிங்கப்பூர் ஜூரோங்கில் ஒரு பெயின்ட் ஆலையில் கெமிஸ்டாக இருந்த அண்ணாதுரை, மூடி திறந்த டின் ஒன்றைப் பல்கலைக்கழகத்தில் உர்சுலாவின் ஆய்வுக்கூட மேசையில் வைத்தார். பெயின்ட் உள்ளே தயிர் மாதிரி திரிந்து கிடந்தது. கிடங்கிலிருந்த இருநூறு டின்களும் அப்படித்தானாம். பத்து நாளில் விசாரணை. அவர் வேலை போய்விடும் நிலை.

பெயின்டில் மிதக்கும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க அவற்றின் மேல் பாலிமர் பூசுவார்கள். பூச்சும் பூச்சும் நெருங்கினால் தள்ளிக்கொள்ளும். எவ்வளவு பூசுவது என்பதை 1979இல் லண்டனில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பார்த்துத்தான் முடிவு செய்ததாக அவர் சொன்னார். பிரதியை நீட்டினார்.

அதைப் புரட்டாமலே, “பத்து நாளுக்குள்ள சொல்றேன்” என்றாள் உர்சுலா.

அன்றே, பாலிமர் பூசிய இரண்டு மைக்காத் தகடுகளை, இடைவெளியை அளக்கும் கருவியில் பொருத்தி மெல்ல நெருங்கவிட்டாள். தலைமயிர் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி வந்ததும் அவை தள்ளத் தொடங்கின. கட்டுரையில் இருந்த அதே அளவு.

அவள் தகடுகளைக் கழற்றவில்லை. மறுநாளும் அளந்தாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து, ஆங் மோ கியோ வீட்டுக்குப் போகாமல் நேரே வந்து அளந்தாள். நாளுக்கு நாள் இடைவெளி குறைந்தது. ஏழாம் நாள் அது பாதியாகிவிட்டது. பூச்சு நாள்பட நாள்படப் படிந்து மெலிகிறது; அதனால்தான் டின்னில் துகள்கள் ஒட்டிக்கொண்டன.

துறைத்தலைவர் பரமசிவம் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

“அடுத்த மாசம் உங்க புரமோஷன் மீட்டிங். இப்பப் போயி அந்தக் கட்டுரையைக் கிளறணுமா? விட்டுடுங்க லா.”

“முதல் நாளோட அளக்குறதை நிறுத்தினது தப்பு, சார். அதை நம்பித்தான் இவரு பெயின்ட் கலந்தாரு.”

பரமசிவம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் அசையவில்லை.

பத்தாம் நாள் அண்ணாதுரையிடம் இரண்டு கடிதங்களைக் கொடுத்தாள். ஒன்று ஆலைக்கு. மற்றது, அச்சான அளவு தவறு என்று, கட்டுரை வந்த லண்டன் பத்திரிகைக்கு எழுதியதன் நகல். படித்ததும் அவருக்குக் கண் கலங்கியது. பிறகு ஒரு சந்தேகம் வந்தது.

“கட்டுரை எழுதினவரு இதை ஒத்துக்குவாரா, டாக்டர்?”

“ஒத்துக்கிட்டாச்சு” என்றாள் உர்சுலா. “எழுதினது நான்தான். அப்ப எனக்குக் கல்யாணம் ஆகலை. என் இனிஷியலும் அப்பா பேரும்தான் போட்டிருந்தேன்.”