நாலாவது பிரிவு

"இந்த நாட்டுல இருக்கணும்னா இங்கிலீஷ் பேசணும். இதுல என்ன தப்பு?" என்று ஆர்லோ எழுந்து நின்று கேட்டதும் தீயணைப்பு நிலையக் கூடமே கைதட்டியது.

ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்கும் மசோதா பற்றி ஊராரின் கருத்தைக் கேட்க விஸ்கான்சின் சட்டமன்ற உறுப்பினர் டெட்மன் வந்திருந்தார். மசோதாவை எழுதியவரே அவர்தான். பால்பண்ணைக்காரர் ஆர்லோவை முதல் ஆளாகப் பேச அழைத்ததும் அவர்தான். எழுபத்து நான்கு வயது ஆர்லோ, தீவனக் கடையிலும் வெள்ளிக்கிழமை மீன் விருந்திலும் பத்து வருஷமாகப் பேசி வருவது இதைத்தான்.

பண்ணைகளில் பால் கறக்கும் மெக்சிகோக்காரர்கள் ஒன்பது பேர் பின்சுவரோரம் நின்றிருந்தார்கள். ரெமிஹியோ மட்டும் எதிர்த்துப் பேசப் பெயர் கொடுத்திருந்தான். எழுதி வைத்திருந்த காகிதம் அவன் கையில் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

டெட்மன் ஒவ்வொரு பிரிவாக வாசித்தார். "இதனால அரசாங்கத்துக்குச் செலவு மிச்சம்" என்றார்.

"முதல்ல அரசாங்க ஆபீஸ்ல போனை எடுக்கச் சொல்லு" என்று ஆர்லோவின் காதருகே முணுமுணுத்தார் பக்கத்துப் பண்ணை டுவெய்ன். "மாத்திரைக்கு அனுமதி வாங்கக் கூப்பிட்டேன். ரெண்டு மணி நேரம் பாட்டுக் கேட்டதுதான் மிச்சம்."

"என் சம்சாரம் லவோனுக்காக நான் மாசாமாசம் கூப்பிடறேன். அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும்."

"உனக்கு மட்டும் எப்படிய்யா?"

ஆர்லோ காப்பியை வாயருகே கொண்டுபோனார்.

"நாலாவது பிரிவு" என்றார் டெட்மன். "அரசு அலுவலகத் தொலைபேசிகளில், ஸ்பானிஷ் மொழிக்கு இரண்டை அழுத்தவும் என்கிற வசதி நீக்கப்படும்."

கோப்பை மேஜைக்குத் திரும்பியது. "அது வேணாம்" என்றார் ஆர்லோ.

"எது?"

"நாலு. அதை எடுத்துடுங்க."

"ஆர்லோ, நீங்களா இப்படிப் பேசறீங்க?"

"மத்ததெல்லாம் இருக்கட்டும். நாலை எடுக்கலேன்னா என் கையெழுத்தும் கிடையாது, ஓட்டும் கிடையாது." அவர் முகம் சிவந்திருந்தது. "வீட்டுல ஒரு ஜீவன் மருந்துக்குக் காத்துக் கெடக்கு. போன் பண்ணினா அந்தப் பக்கம் ஒரு மனுஷக் குரல் கேக்கணும்யா. கேக்கலேன்னா அவன் எங்க போவான்?"

முன்வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். நாலை நீக்கச் சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது டுவெய்ன்கூடத் தூக்கிவிட்டார். டெட்மன் வேறு வழியில்லாமல் பேனாவை எடுத்து நாலாவது பிரிவின் மேல் கோடு போட்டார்.

வெளியே, ஆர்லோ வண்டிக் கதவைத் திறக்கும்போது ரெமிஹியோ ஓடி வந்தான். தொப்பியைக் கழற்றிவிட்டு அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, எங்களுக்காக உங்க ஆளுங்களையே எதிர்த்து நின்னீங்க. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"உங்களுக்காகவா?"

ஆர்லோ திருதிருவென்று விழித்தார். டுவெய்ன் பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதப்பா. ரெண்டை அமுக்கினாத்தான் அங்க உடனே எடுக்கறாங்க."