ஈரம் காய்வதற்குள்

துறைமுக மதிலோரம், மரநிழலில் கதிரை போட்டு மதிவதனா படம் கீறுகிறாள். நீர்வண்ணம் பழகத் தொடங்கி இது இரண்டாவது கிழமை. தாளை நனைத்து நீலம் விட்டபோது வானமும் கடலும் தாங்களாகவே கலந்துகொண்டன. அந்த நீலம் காய்ந்துவிட்டது. அதன்மேல் கீறிய சாம்பல் நிறப் போர்க்கப்பல் மட்டும் இன்னும் ஈரமாய் மினுங்குகிறது. சீருடைக் காவல்காரன் வந்து எட்டிப் பார்க்கிறான். "மிஸ், கப்பல் கீற ஏலாது. பெரியவர் கண்டா எனக்குத்தான் ஏச்சு." "கடல் கீறலாமோ?" "கடல் பிரச்சினை இல்லை." அவள் ஈரத் தூரிகையால் கப்பலைத் தேய்த்து, டிஷ்யூவால் ஒற்றி எடுக்கிறாள். சாம்பல் நிறம் முழுக்க டிஷ்யூவில் ஏறிவிடுகிறது. படத்தில் ஈரம் மட்டும் பளபளக்கிறது. அவன் நிம்மதியாய்த் தலையாட்டிவிட்டு வாசல்பக்கம் நடக்கிறான். கடற்காற்றில் தாள் காய்கிறது. சாம்பலோடு அடியில் இருந்த நீலமும் கழன்று வந்திருக்கிறது. காயக் காய, நீலக் கடலின் நடுவே, கொடிமரம் வரைக்கும் பிசகாமல், வெள்ளை வெளேரென்று ஒரு கப்பல் தெளிகிறது. மதிவதனா டிஷ்யூவைக் கையில் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாசல்வரை போன காவல்காரன் திரும்பி, மறுபடி இந்தப் பக்கம் நடந்து வருகிறான்.