தண்ணீரைக் கழித்த கணக்கு

“தண்ணியைக் கழிச்சிட்டா உங்க திவ்யா” என்று விடைத்தாளை மேசைமேல் வைத்தாள் வேதியியல் டீச்சர் திலகா.

சடையப்பனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. உத்திரமேரூரில் நெல் மண்டி வைத்திருப்பவர் பெற்ற பெண் வேறென்ன செய்வாள்? காய்ந்த நெல்லானாலும் உள்ளே ஈரம் இருக்குமென்று எடையில் கழித்துவிட்டுத்தான் அவர் மூச்சே விடுவார்.

“கழிக்காம? தண்ணிக்கெல்லாம் எடை போட்டா மண்டியை மூடிக்கினு போவ வேண்டியதுதான் டீச்சர்!”

“இது நெல்லு இல்லீங்க, மயில்துத்தம். அதோட வாய்பாட்டு எடையைக் கேட்டிருந்தேன். தாமிரம், கந்தகம், ஆக்சிஜன் சேர்ந்து நூத்தி அம்பத்தொம்பதரை. கூடவே அஞ்சு தண்ணி, அது ஒரு தொண்ணூறு. ஆக மொத்தம் எரநூத்தி நாப்பத்தொம்பதரை. எல்லாத்தையும் சரியாக் கூட்டிட்டு, கடைசியில ‘ஈரம் கழிவு’ன்னு எழுதித் தொண்ணூறைக் கழிச்சிருக்கா!”

மூலை பெஞ்சில் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் களுக்கென்று சிரித்தார். எங்கேயோ பார்த்த முகம். சட்டையெல்லாம் நெல் தூசு. இவரையும் பிள்ளைக்காகத்தான் வரச் சொல்லியிருப்பார்கள், அந்தப் பிள்ளை என்ன லட்சணமோ என்று சடையப்பன் முறைத்தார்.

“மாவட்ட அறிவியல் போட்டிக்குப் போற பொண்ணு இப்படிக் கழிக்கலாமா?” என்றாள் திலகா.

சடையப்பன் விடைத்தாளைச் சட்டென்று கையில் எடுத்துப் பார்த்தார். மகள் போட்டிக்குக் காஞ்சிபுரம் போகிறாள் என்று மண்டிக்கு வந்தவன் போனவனிடமெல்லாம் தண்டோரா போட்டாயிற்றே! போட்டியிலிருந்து பேரை நீக்கிவிட்டால் எந்த முகத்தோடு கடை திறப்பது?

திலகா ஒரு சீசாவிலிருந்து நீலப் படிகங்களைத் தாளில் கொட்டினாள். “ஈரம் தெரியுதா?”

“இல்லியே. நல்லா காஞ்சுதானே கீது.”

“உள்ள தண்ணி இருக்குதுங்க. அதை எடையில கழிக்கலாமா?”

“ஐயையோ, கூடவே கூடாது! உள்ள கீற தண்ணியும் அதோட எடைதான், டீச்சர்!”

“கழிச்சா?”

“அக்கிரமம்! கழிக்கிறவனுக்குக் கணக்கே தெரிலன்னு அர்த்தம்!” அடுத்த வகுப்புக்கே கேட்கும்படி கத்தினார் சடையப்பன்.

“இதையே வூட்ல திவ்யாகிட்டயும் சொல்லுங்க. அவ பேரை நேத்தே அனுப்பிட்டேன். ஒரு கணக்கு தப்பினா பேரையா வெட்டுவாங்க?”

போன உயிர் திரும்பி வந்தது சடையப்பனுக்கு. “அப்புறம் இன்னாத்துக்கு என்னை வரச் சொன்னீங்க?”

திலகா மூலை பெஞ்சைப் பார்த்துத் திரும்பினாள்.

“நைனா, கேட்டுக்கினியா? போன வாரம் இவரு நம்ம காஞ்ச நெல்லுல மூட்டைக்கு மூணு கிலோ கழிச்சாரே, இப்ப கேளு!”