மைனாக் கணக்கு

"அன்ரி, இதிலையும் மைனாவைக் காணேல்லை. ஆரோ விசிலடிக்கிறதுதான் கேக்குது. அங்கிளை ஒரு அஞ்சு நிமிசம் சும்மா இருக்கச் சொல்லுங்கோவன்."

வாட்ஸப்பில் வந்த குரலை உதயகலா திரும்பவும் போட்டுக் கேட்டாள்.

பேசியவள் ஆரணி. யாழ்ப்பாணத்தில் எந்த ஊரில் என்ன பறவை இருக்கிறது என்று ஊராரிடமே கேட்டுச் சேர்க்கிற பல்கலைக்கழகப் பிள்ளை. இருப்பது கொக்குவிலில். இருவரும் நேரில் கண்டதில்லை. முற்றத்தில் கேட்கும் சத்தத்தைப் போனில் பிடித்து அனுப்பினால், அவள் கேட்டுப் பார்த்துப் பதிவு செய்வாள்.

அரியாலையில் இருந்து அனுப்புகிறவள் உதயகலா. காகம், செண்பகம், புலுனி எல்லாம் சேர்த்தாகிவிட்டது. மைனா மட்டும் மிச்சம். வளவுக்கு வருவதே ஒரு மைனாதான். அதன் சத்தத்தைப் பிடித்து அனுப்பினால் இப்படி ஒரு பதில். இன்று பின்னேரத்தோடு கணக்கு முடிகிறது. அரியாலையில் மைனாவே இல்லை என்று உலகம் நினைக்கப் போகிறது. உதயகலாவுக்கு அது மானப் பிரச்சினை.

விசிலடிப்பது அவளுடைய புருசன் கேதீஸ்வரனின் பழக்கம். கல்யாணம் கட்டிய புதிதில், தாய் தகப்பனுக்கு முன்னால் பெண்சாதியைப் பேர் சொல்லிக் கூப்பிட வெட்கப்பட்டுத் தொடங்கியது. ஒழுங்கை முடக்கில் சைக்கிள் திரும்பும்போதே ஒரு நீட்டு, ஒரு வளைவு, கடைசியில் கேள்வி கேட்பதுபோல ஒரு தூக்கு. கேற்றைத் திற, தேத்தண்ணியை வை, இரண்டும் அதற்குள் அடக்கம்.

பிறகு தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்தார்கள். சைக்கிள் போய் மோட்டார் சைக்கிள் வந்தது. வெட்கம் மட்டும் போகவில்லை. கடைசிவரை அந்த மனுசன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடவேயில்லை.

அவர் செத்து இது இரண்டாவது மாரி.

போன மாதம் ஒரு நாள், முற்றம் கூட்டிக்கொண்டு நின்றவளுக்கு அந்த விசில் கேட்டது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் கேற்றடிக்கு ஓடினாள். முழங்கால் நோவு நினைவிலேயே இல்லை.

ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. மதிலில் ஒரு மைனா இருந்தது. அவர் இருந்த காலத்தில் போட்ட பாண் துண்டுக்காக வந்து காத்து நின்ற அதே மைனாவாகத்தான் இருக்க வேண்டும். தலையைச் சரித்து அவளைப் பார்த்தது. நீட்டி, வளைத்து, கடைசியில் தூக்கியது.

"மூதேவி!" என்று ஏசினாள். ஏசிவிட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

உடுப்பிட்டியில் இருக்கும் தங்கச்சி, அக்காவுக்குப் பிரமை பிடித்துவிட்டது, கோயிலில் நூல் கட்ட வேண்டும் என்றாள். நாள் போகப்போக உதயகலாவுக்கே சந்தேகம் வந்தது. மைனா மைனா மாதிரித்தான் கத்துகிறதோ, தனக்குத்தான் அப்படிக் கேட்கிறதோ என்று பயந்தாள்.

இப்போது, ஒன்றும் அறியாத ஒரு பிள்ளை, கொக்குவிலில் இருந்துகொண்டு அவரைக் கேட்டிருக்கிறாள்.

உதயகலாவுக்குச் சந்தோசம்தான்.

'அது மைனாதான் பிள்ளை' என்று எழுதினாள். எழுதி அனுப்பினால் வேலை முடிந்தது. அரியாலைக்கு மைனா சேர்ந்துவிடும். ஆரணியும் துள்ளிக் குதிப்பாள்.

விரல் நின்றது. அனுப்பினால் அது மைனா. அதற்குப் பிறகு அவர் இல்லை.

எழுதியதை அழித்தாள். மைக்கை அழுத்திக்கொண்டு, சலித்துக்கொள்வதுபோலப் பேசினாள்.

"அவர் எப்ப பிள்ளை என்ரை சொல்லுக் கேட்டவர்? அதை அப்பிடியே விடுங்கோ."

பின்னேரம் ஆரணி கணக்கை முடித்து வாட்ஸப் குழுவில் போட்டாள். அரியாலைக்கு நேரே மைனா இல்லை. உதயகலா அனுப்பிய ஒலிப்பதிவுக்கு நேரே இப்படி இருந்தது:

பறவை அல்ல. வீட்டுக்காரர்.