டாக்டரம்மா கிழித்த பக்கங்கள்

"எல்லாப் பக்கமும் போச்சு. எங்க அப்பா எழுதினதும் போச்சு."

பல் டாக்டரம்மா காலி ஃபைலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்.

தையல்காரக்கா தைத்துக்கொண்டிருந்த ஜன்னல் திரையைக் கீழே வைத்தாள். "நேத்து சாயங்காலம் இந்த ரூம்ல கடைசியா இருந்தது கரண்ட்காரர்தான். நான் ஒண்ணும் சொல்லலைப்பா."

சொல்லலை சொல்லலை என்றே சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிடுவது அக்காவின் வழக்கம்.

ஊரில் தினமும் காலையில் ஒன்றாக நடக்கிற கூட்டம் இவர்கள். கால்களைவிட வாய்தான் அதிகம் நடக்கும். அப்படிப் பேச்சுவாக்கில் முளைத்ததுதான் இந்த நூலகம். கடல் தாண்டி, பெற்றவர்கள் இல்லாத பிள்ளைகள் இருக்கும் இல்லத்துக்கு. நாடுதான் வேறே, பிள்ளைகள் பேசுவது நம்ம பேச்சுதான். ஆளுக்குக் கொஞ்சம் கைக்காசு போட்டு, வேலைக்கு லீவு போட்டு, மூட்டை மூட்டையாகப் புத்தகங்களோடு வந்து இறங்கிவிட்டார்கள். தையல்காரக்காவுக்குத் திரை, கரண்ட்காரருக்கு விளக்கு, டாக்டரம்மாவுக்குப் புத்தகம் அடுக்குகிற வேலை.

எல்லாம் அவரவர் வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய பழைய புத்தகங்கள். ஒன்றைத் திறந்தால் போதும், வேலை நின்றுவிடும்.

"இதைப் போர்வைக்குள்ள டார்ச் அடிச்சுப் படிச்சேன்" என்பார் ஒருவர்.

"இந்த ராணிக்கு மீசை வரைஞ்சுதான் அம்மாகிட்ட அடி வாங்கினேன்" என்பாள் தையல்காரக்கா. கொஞ்ச நேரத்துக்கு எல்லாருக்கும் பத்து வயசாகிவிடும்.

சிக்கல் முதல் பக்கத்தில்தான் இருந்தது. 'அன்பு மகளுக்கு, அம்மா.' 'என் ராஜாவுக்குப் பிறந்தநாள் பரிசு, அப்பா.' பாதிப் புத்தகங்களில் இப்படி ஏதாவது எழுதியிருந்தது.

"அப்பா அம்மா இல்லாத பிள்ளைங்க இதைப் பார்த்தா மனசு என்ன பாடுபடும்? அதெல்லாம் வேண்டாம்" என்று டாக்டரம்மாதான் சட்டம் போட்டார். ஸ்கேலை வைத்து, பல் பிடுங்குகிற அதே பக்குவத்தோடு, ஒவ்வொரு பக்கமாகக் கிழித்து ஃபைலில் சேர்த்தார். ஊருக்குப் போனதும் அவரவரிடம் கொடுத்துவிடலாம் என்று ஏற்பாடு.

அவருடைய புத்தகத்திலும் அப்படி ஒரு பக்கம் இருந்தது. அப்பா போய்ப் பல வருஷமாகிவிட்டது. அவர் கைப்பட எழுதியது என்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். கிழிக்கும்போது, இது இனி நம்மோடேயே இருக்கும் என்று உள்ளூர ஒரு நிம்மதி வந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அதையும் காணோம்.

டாக்டரம்மா விறுவிறுவென்று நூலக அறைக்குள் நுழைந்தார். கரண்ட்காரர் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு புத்தகம், பக்கத்தில் பசை டப்பா. கிழித்த பக்கங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டி முடித்தவை சுவரோரம் காய்ந்துகொண்டிருந்தன.

"என்ன பண்றீங்க அண்ணா?"

"ஒட்டுறேன்."

"அது தெரியுது. இதை எதுக்குக் கிழிச்சோம்னு உங்களுக்குத் தெரியாதா? எதுல விளையாடறதுன்னு ஒரு விவஸ்தை இல்லையா? பெத்தவங்க இல்லாத பிள்ளைங்க மனசு உங்களுக்கு எங்க புரியப்போகுது."

வேறு நாளாக இருந்தால் கரண்ட்காரர் ஒரு ஜோக் அடித்துத் தப்பித்திருப்பார். இன்று விரலில் ஒட்டியிருந்த பசையைத் துடைத்துக்கொண்டார்.

"நானும் இப்படி ஒரு ஹோம்ல வளர்ந்தவன்தான், டாக்டரம்மா."

ஊர் வாயையெல்லாம் திறந்து பார்க்கிற டாக்டரம்மாவுக்கு இது மட்டும் தெரியாமலே போயிருந்தது. தினமும் கூடவே நடந்தவர். மாமியாரைக் கிண்டல் பண்ணுவார், மழையைக் கிண்டல் பண்ணுவார். இதை மட்டும் சொன்னதே இல்லை.

"எங்க ஹோம்லயும் இப்படி யாரோ கொடுத்த புத்தகங்கள்தான். ஒரு புத்தகத்துக்கு மட்டும் எங்களுக்குள்ள சண்டையே நடக்கும். கதைக்காக இல்லை. அதோட முதல் பக்கத்துல, 'கண்ணா, படுத்துக்கிட்டுப் படிக்காதே, கண்ணு கெட்டுடும். அப்பா'ன்னு எழுதியிருக்கும். யார் வீட்டு அப்பாவோ." கரண்ட்காரர் லேசாகச் சிரித்தார். "நான் இன்னிக்கு வரைக்கும் படுத்துக்கிட்டுப் படிச்சதில்லை."

டாக்டரம்மா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"கேக்காம எடுத்தது தப்புதான். கேட்டா இதையெல்லாம் சொல்ல வேண்டி வருமேன்னு பார்த்தேன்" என்றவர், தனியாக எடுத்து வைத்திருந்த ஒரு பக்கத்தை நீட்டினார். "உங்க அப்பா எழுதினதை மட்டும் ஒட்டலை. அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்னு, நீங்க கிழிக்கும்போதே பார்த்தேன். பத்திரமா வெச்சுக்கங்க."

டாக்டரம்மா வாங்கிப் படித்தார். 'செல்லத்துக்கு, தூக்கம் வந்தா அப்படியே தூங்கிடு. விளக்கை நான் வந்து அணைக்கிறேன். அப்பா.'

அரைத் தூக்கத்தில் கேட்ட காலடிச் சத்தம் ஞாபகம் வந்தது. மார்மேல் கிடந்த புத்தகத்தை மெதுவாக எடுக்கிற கை. அப்புறம் சுவிட்சின் சின்ன 'டிக்.' அழுகை வந்துவிட்டது. அவர் மறைக்கவில்லை.

திறந்திருந்த கதவு வழியே பிள்ளைகள் தூங்குகிற கூடம் தெரிந்தது. பள்ளிக்கூடம் போயிருந்ததால் கட்டில்கள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன. ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் கரண்ட்காரர் ஒரு சின்ன விளக்கு மாட்டியிருந்தார்.

டாக்டரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தை அவரிடமே திருப்பி நீட்டினார்.

"இதையும் ஒட்டுங்க அண்ணா, பிரியாத மாதிரி கெட்டியா. எங்க அப்பா இனிமே இத்தனை விளக்கை அணைக்கணும்."