அவன் வீட்டு வழியாக வேண்டாம்

"என் வீட்டு நெட் அந்த பெர்னார்ட் வீட்டு வழியா போகக் கூடாது லா. சொல்லிட்டேன்!" என்றார் யோகேந்திரன்.

மலேசியாவில் கோலா கிளாவாங் பக்கத்துத் தோட்டத்து வீடுகளுக்கு ரேடியோ மூலம் இணையம் கொடுக்க வந்திருந்த தேவன், ஏணியில் நின்று ஆன்டெனாவைத் திருகிக்கொண்டே சொன்னான்: "போகாது அங்கிள். எல்லா வீடும் நேரா டவர் கூடத்தான் பேசும். ரூட்டிங் அப்படித்தான் செட் பண்றேன்."

எதிர்வீட்டு பெர்னார்டும் அதையேதான் கேட்டார். "அந்த ஆளு மூச்சுக்காத்துகூட எனக்கு வேணாம் தம்பி. என் மெசேஜ் அங்க போய் நின்னுச்சு, போனையே தூக்கி வீசிடுவேன்."

அவருக்கும் அதே பதில். நெடுநாளாகப் பேசிக்கொள்ளாத இருவரும் அன்று ஒரே மாதிரி மகிழ்ந்தார்கள்.

தேவன் மேட்டுத் தாமான் குடியிருப்புக்கு மோட்டார் சைக்கிளை விட்டான். அங்கே ஒரு மாடி வீட்டுக் கூரையில்தான் டவர் நின்றது. மடிக்கணினியில் இரு வீடுகளுக்கும் வழியைப் பதிந்து முடித்தவன், அந்த வீட்டில் இருந்த புனிதாவிடம் நடந்ததைச் சொல்லிச் சிரித்தான்.

"அப்படி என்னக்கா சண்டை அவங்களுக்கு?"

"என்னாலதான். ஒருத்தர் எங்க அப்பா, இன்னொருத்தர் என் மாமனார். நாங்க கல்யாணம் பண்ண அன்னைக்கே, எங்க வாசப்படிய மிதிக்க மாட்டோம்னு ரெண்டு பேரும் சத்தியம் பண்ணிட்டாங்க. எங்க குடியிருக்கோம்னுகூட இதுவரைக்கும் கேட்டதில்ல."

கைக்குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கூரையிலிருந்து இறங்கிய ஒயரைப் பார்த்தாள்.

"இனிமே எங்க வீட்டுக்குள்ள நுழையாம, ரெண்டு பேரும் ஒரு குட்மார்னிங்கூட அனுப்ப முடியாது லா!"