மஞ்சள் வட்டம்

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டதும் பெர்சிஸ் சமையலறையில் நின்றபடியே கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள்.

வருவது வீட்டுச் சொந்தக்காரி டோ மியா மியா. மூன்றரை வயது நூரியா பர்மிய மொழி பேசும் அழகைக் கேட்பதற்காகத் தேநீருக்கு அழைக்கப்பட்டவர்.

நூரியாவுக்குப் பர்மிய மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

அந்த வீட்டில் இந்த உண்மை குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெர்சிஸுக்கு மட்டுமே தெரியும். அதுவும் போன வாரத்திலிருந்துதான்.

தவறு நடந்தது ஒன்றரை வருடத்துக்கு முன்னால், அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று. நூரியாவின் அம்மா ஹேசல் இங்கிலாந்துக்காரி. அவள் கணவன் ராமிரோ ஸ்பெயின்காரன். ஆளுக்கொரு மொழி, எந்த மொழியும் கலக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மூன்று வட்டங்கள் வரைந்து ஒட்டியிருந்தார்கள். சிவப்பு வட்டத்தில் அப்பா, ஸ்பானிஷ். நீல வட்டத்தில் அம்மா, ஆங்கிலம். மஞ்சள் வட்டத்தில் பெர்சிஸ் என்ற பெயர் மட்டும்.

உன் சொந்த மொழியில் மட்டும் பேசு என்று ஹேசல் சொல்லியிருந்தாள்.

பெர்சிஸ் இதே ஊரில், தாமுவே பகுதியில் பிறந்து வளர்ந்தவள். தெருவில், சந்தையில், பஸ்ஸில் எல்லாம் பர்மிய மொழிதான். ஆனால் சொந்த மொழி என்றால் ஜெபம் பண்ணுகிற மொழிதானே?

தவிர, அவளுடைய இரண்டு பையன்களும் தமிழில் கேட்டால் பர்மிய மொழியில் பதில் சொல்கிறவர்கள். ஒரு வெள்ளைக்காரக் குழந்தைக்குத் தமிழ் வேண்டும் என்கிறார்கள். அவளுக்கு அன்று பெருமையாக இருந்தது.

ஒரு நாளும் அவள் கலக்கவில்லை.

போன வாரம் ஹேசல் தொலைபேசியில் யாரிடமோ, "நூரியாவின் பர்மிய மொழி அருமை" என்று சொன்னாள். பெர்சிஸ் கையிலிருந்த தட்டு உடைந்தது.

அதற்குப் பிறகுதான் பல விஷயங்கள் விளங்கின. ராமிரோ மகளிடமிருந்து ஏழெட்டு வார்த்தைகள் கற்று வைத்திருந்தான். கியாக்டடா வட்டாரத் தேநீர்க் கடையில் கையைக் காட்டி "போதும்" என்பான். கடைக்காரர் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு சமூசா கொண்டுவந்து வைப்பார். இந்த ஊர் உபசாரமே தனி என்று ராமிரோ வீட்டுக்கு வந்து வியப்பான்.

பெர்சிஸின் கணவன் தாமஸ் இதைக் கேட்டுச் சிரித்ததில் அவனுக்குப் புரையேறியது.

"நீ வாயே தொறக்காத. வீட்டுக்காரம்மா ஆனாடேல நல்லாருக்குன்னுதான் சொல்லும். பர்மாக்காரங்க மூஞ்சிக்கு நேரா என்னைக்குக் குறை சொல்லிருக்காங்க?"

எதிரில் இருப்பவர் மனம் நோகுமே என்று உண்மையை விழுங்கிவிடுவதுதான் ஆனாடே. பெர்சிஸ் இப்போது அதைத்தான் நம்பியிருந்தாள். வெளிநாட்டுக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய்விட்ட ஊரில் இந்த வேலை போனால் இன்னொன்று கிடைக்காது.

டோ மியா மியா வந்து உட்கார்ந்தார். கன்னத்தில் தனக்கா மரப்பட்டை அரைத்த பூச்சு, கொண்டையில் சீப்பு, மடிப்புக் கலையாத பட்டு லுங்கி. அறுபது வயதிருக்கும். நூரியாவைப் பார்த்து, உன் பெயர் என்ன என்று பர்மிய மொழியில் கேட்டார்.

நூரியா அவரை உற்றுப் பார்த்தாள்.

எத்தனை வயது என்று கேட்டார்.

நூரியா தொடர்ந்து பார்த்தாள்.

கொஞ்சம் கூச்ச சுபாவம் என்றாள் ஹேசல். ராமிரோ நாற்காலி நுனிக்கு வந்திருந்தான்.

டோ மியா மியா புன்னகைத்தபடி தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்தார்.

நூரியாவின் புருவம் உயர்ந்தது. இடுப்பில் ஒரு கையை வைத்து, மறு கையின் ஆள்காட்டி விரலை நீட்டினாள். குரல் அப்படியே பெர்சிஸின் குரல்.

"கை கழுவினியா?"

பிஸ்கட் பாதி வழியில் நின்றது.

எப்படிப் பேசுகிறாள் என்று கேட்டான் ராமிரோ. அவன் முகம் மலர்ந்திருந்தது.

டோ மியா மியா குழந்தையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். பிறகு சமையலறை வாசலில் துண்டைப் பிசைந்துகொண்டு நின்ற பெர்சிஸைச் சற்று அதிக நேரம் பார்த்தார்.

"மிகச் சுத்தமான பர்மிய மொழி," என்றார் ஆங்கிலத்தில். "எங்கள் பிள்ளைகள்கூட இப்போது இப்படிப் பேசுவதில்லை."

ஹேசலின் கண்கள் கலங்கின. ராமிரோ மகளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினான்.

பெர்சிஸ் மூச்சு விட்டாள். ஆனாடே அவளைக் காப்பாற்றிவிட்டது.

டோ மியா மியா பிஸ்கட்டைத் தட்டில் திரும்ப வைத்தார். எழுந்து, நேராகச் சமையலறைக்கு வந்தார். குழாயைத் திறந்து, விரல் இடுக்கெல்லாம் விட்டு நிதானமாகக் கை கழுவினார்.

பிறகு துண்டுக்காகப் பெர்சிஸிடம் கையை நீட்டினார். முகத்தை அவள் பக்கம் திருப்பவில்லை. குரல் மட்டும் தாழ்ந்து வந்தது.

"சோப்பு தீந்துபோச்சு, தங்கச்சி."